இரும்பு டெக்கில் ஃபைபர் பலகையை ஒட்டுவது எப்படி

கொழும்புத் துறைமுகப் பக்கம் ஃபைபர் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமார் முதலில் கேட்பது, "எந்தப் பசை அண்ணே?" எபொக்சியோ மெத்தக்ரிலேட்டோ, கிளாஸ், அதாவது கப்பலின் தரத்தைச் சான்றளிக்கும் நிறுவனம், ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில் உள்ளதை எடுங்கள். எனக்குப் பயம் இந்த ஊர்க் காற்றில் உள்ள ஈரத்தில்தான்.

பக்கத்தில் வெல்டிங் ஏதும் மிச்சமிருந்தால் முதலில் அதை முடியுங்கள். ஒட்டிய பிறகு வெல்டிங் சூடு பட்டால் பசை இளகிவிடும்.

அப்புறம் இரும்பை எஸ்ஏ 2.5 தரத்துக்கு (துருவும் பழைய பெயின்ட்டும் ஏறக்குறைய முழுதும் போகும் அளவு) பிளாஸ்ட் செய்து, அதாவது துகள்களை வேகமாக அடித்துச் சுத்தம் செய்து, தூசியை உறிஞ்சி எடுங்கள். காற்று 28 பாகையிலும் ஈரப்பதம் 80 சதவீதத்திலும் இருந்தால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 பாகையை ஒட்டி வரும். இரும்பு அதைவிடக் குறைந்தது 3 பாகையாவது சூடாக இருக்க வேண்டும். விடியற்காலையில் இரவெல்லாம் ஆறிய இரும்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும். வெயில் ஏறும்வரை பொறுங்கள். ஒக்டோபரில் பின்னேர மழை வேறு வரும். படங்கு கட்டாமல் தொடங்கவே வேண்டாம். பிளாஸ்ட் செய்த இரும்பை மறுநாளுக்கு விட்டால் துரு பிடித்துவிடும், அன்றே ஒட்ட வேண்டும்.

பலகைப் பக்கம் வேலை லேசு. பலகையின் மேல் இருக்கும் பீல் பிளை என்ற பாதுகாப்புத் துணியை, ஒட்டுவதற்குச் சற்று முன்புதான் உரிக்க வேண்டும். லேசாகத் தேய்த்து, அசிட்டோன் துணியால் துடைத்து, காயுமுன் வேறு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு கை படக்கூடாது.

வெயிலில் பசை வேகமாக இறுகும், சிறிது சிறிதாகக் கலக்குங்கள். பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் இழுத்தால் காற்று அடைபடாது. கிளாம்பை முழுப் பலத்தில் முறுக்கினால் பசை எல்லாம் வெளியே பிதுங்கிவிடும். தடிப்பு மாறாமலிருக்கக் கண்ணாடி மணி கலந்த பசையை எடுப்பது என் வழக்கம்.

போல்ட்டும் வேண்டுமென்றால், துளை வரும் இடத்தைச் சுற்றி, பலகையின் இரண்டு ஃபைபர் தோலுக்கும் நடுவே இருக்கும் ஃபோமைத் தோண்டி எபொக்சி நிரப்பி, இறுகியபின் துளையிடுங்கள். இல்லாவிட்டால் இறுக்கும்போது பலகை நசுங்கும். கார்பன் பலகையை அலுமினியத்தில் நேரே வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் அரித்துப் போகும். நடுவே ஒரு கண்ணாடி நார்ப் படை போட்டால் போதும்.

ஒட்டு சரியாகப் பிடித்ததா என்று பார்க்க, அதே பசைக் கலவையில், அதே மாதிரிச் சுத்தம் செய்த இரும்புத் துண்டில் ஃபைபர் துண்டொன்றை ஒட்டி வையுங்கள். இறுகியபின் பிய்த்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பசை ஒட்டியிருந்து நடுவில் கிழிந்திருந்தால் சரி. இரும்பிலிருந்து அப்படியே உரிந்து வந்தால், மறுபடி பிளாஸ்டிங்கிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.