இரவில் திரையின் நீல ஒளியைக் குறைக்க ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன்

மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் எனக்கு இரவு 11 மணி வரை ஜிஎஸ்டி கணக்குதான். மஞ்சக்குப்பத்தில் வீட்டு ஹால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், லேப்டாப் முகத்தில் டார்ச் அடிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் படுத்தாலும் தூக்கம் வராது. நீல ஒளி, தூக்கம் வரவைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைத் தள்ளிப்போடும் என்பதால் இரவில் அதைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் திரை ஒளியால் கண் கெட்டுவிடும் என்று பயந்து நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் கொட்டாதீர்கள். கண் எரிவதற்குப் பெரும்பாலும் காரணம், திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்ட மறப்பதுதான்.

நான் வைத்திருப்பது டார்க் ரீடர் என்ற எக்ஸ்டென்ஷன், அதாவது குரோம் பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்ன நிரல். இலவசம். இந்த மாதிரி எக்ஸ்டென்ஷன்கள் நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்க அனுமதி கேட்கும். அதனால் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைத்திருப்பதைத்தான் நான் நம்புவேன். அதே பெயரில் போலிகளும் உண்டு, பார்த்துப் போடுங்கள்.

குரோம் வெப் ஸ்டோரில் தேடி நிறுவுங்கள். மேலே புதிர்த்துண்டு ஐகானை அழுத்தி, டார்க் ரீடர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் குண்டூசிக் குறியைத் தட்டினால், அதன் ஐகான் எப்போதும் மேலேயே நிற்கும்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். நிறுவிய பிறகும் ஸ்டோர் பக்கம் பளிச்சென்று வெள்ளையாகவே இருந்தது. வேலை செய்யவில்லை என்று நினைத்து மூன்று முறை நீக்கி நீக்கிப் போட்டேன். விஷயம் என்னவென்றால், வெப் ஸ்டோரிலும் குரோமின் செட்டிங்ஸ் பக்கங்களிலும் எந்த எக்ஸ்டென்ஷனையும் குரோம் கைவைக்க விடாது. ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறந்து பாருங்கள், தெரியும்.

திறந்ததும் எல்லாம் கறுப்பாகிவிடும். கறுப்பில் வெள்ளைத் தமிழ் எழுத்து எனக்குக் கசிந்து தெரிகிறது; கொம்பும் சுழியும் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஐகானை அழுத்தி, டார்க் என்பதை லைட் என்று மாற்றினேன். அதே இடத்தில் செபியா என்றொரு ஸ்லைடர் இருக்கும். அதை ஏற்ற ஏற்ற வெள்ளை பழுப்பேறும், நீலம் குறையும். எனக்கு 45 சரியாக இருக்கிறது. பிரைட்னஸை இதில் தொடாதீர்கள், லேப்டாப்பிலேயே குறையுங்கள்.

சரி, ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். இதை ஆனில் வைத்தபடியே ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, புதுச்சேரியில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு அனுப்பினேன். "என்ன தம்பி, மஞ்சக்குப்பத்துலேர்ந்து அனுப்புனா கணக்கும் மஞ்சளா வருமா?" என்று போன் வந்தது. பக்கத்தின் நிறத்தையே இது மாற்றுவதால் ஸ்க்ரீன்ஷாட்டிலும் அந்த மஞ்சள் விழும். படம் எடுக்கும் முன் ஆல்ட், ஷிஃப்ட், டி (D) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அணைந்துவிடும்.

பிற்சேர்க்கை: பழைய புத்தகங்களின் ஸ்கேன் பக்கங்கள் மட்டும் வெள்ளையாகவே இருக்கின்றன என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான், வழக்கமான அமைப்பில் இது படங்களைத் தொடுவதில்லை. அதற்கு விண்டோஸிலேயே இருக்கும் நைட் லைட் வசதி போதும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே என்று போனால் இருக்கும். பிரவுசருக்கு வெளியே எக்செலுக்கும் சேர்த்து வேலை செய்யும், ஸ்க்ரீன்ஷாட்டிலும் விழாது. இரண்டையும் சேர்த்துப் போடுவதானால் செபியாவை 20க்கு இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் பக்கம் சாம்பார் கொட்டிய மாதிரி ஆகிவிடும்.