12 வோல்ட் தோட்ட விளக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத்துக்கு 12 வோல்ட் விளக்கு நல்ல தேர்வு. குழந்தைகள் ஓடும் இடம், வெறுங்காலோடு தண்ணீர் விடும் இடம். அங்கே 230 வோல்ட்டை இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளும், தாங்களே மாட்டிக்கொள்ளும் வீட்டுக்காரர்களும் சுற்றிச் சுற்றி அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பிளஸ், மைனஸ் மாறிப்போவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். விளக்கு எரியாதபோது அது தானாகவே தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் வைக்க வேண்டிய எஸ்எம்பிஎஸ்ஸைத் தோட்டத்தில் வைப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. எஸ்எம்பிஎஸ் என்றால் 230 வோல்ட்டை 12 ஆக்கித் தரும் பெட்டி. ஓட்டை ஓட்டையாக வெள்ளைத் தகரப் பெட்டி, ஓரத்தில் வரிசையாகத் திருகுகள். சிசிடிவி கேமராவுக்கும் எல்இடி ஸ்ட்ரிப்புக்கும் கடையில் கொடுப்பார்களே, அதேதான். விலை குறைவு, ஆம்பியர் அதிகம். அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, செடிக்குப் பின்னால் செங்கல் மேல் வைத்துவிடுகிறார்கள். கேட்டால், “12 வோல்ட்தானே அண்ணே, என்ன ஆகப்போகுது?”

12 வோல்ட் அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வருவது. உள்ளே போவது 230. இரண்டுக்குமான திருகுகள் ஒரே வரிசையில், விரல்கடை தூரத்தில், திறந்தபடி இருக்கின்றன. ஐப்பசி மழையில் டப்பாவுக்குள் ஈரம் கோக்கும். வெயில் காலத்தில் வெப்பத்துக்கு ஓட்டை போடுவார்கள், அதன் வழியே எறும்பும் பல்லியும் போகும். அப்புறம் எந்தத் திருகுக்கும் எந்தத் திருகுக்கும் பாலம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில், மழை பெய்தால் விளக்கு நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டார்கள். போனபோது தோட்டக்கார அம்மா வேறொன்றைச் சொன்னார்: “அந்த டப்பா பக்கம் கை பட்டா சுருக்குங்குது தம்பி.” வீட்டில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. திறந்து பார்த்தால் எர்த் திருகு காலி. இரண்டு கோர் ஒயரில் ஃபேஸையும் நியூட்ரலையும் மட்டும் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

அந்தச் ‘சுருக்’ எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்னிரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகர உடம்போடு சேர்ந்திருக்கும். எர்த் கொடுத்திருந்தால் அதன் கசிவு சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். கொடுக்காவிட்டால் தகரம் 230-இல் ஏறத்தாழப் பாதி வோல்ட்டில் நிற்கும். கசிவு மிகச் சிறியது என்பதால், மின்கசிவு கண்டால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தாலும் விழாது. ஆனால் எர்த் இல்லை என்பதற்கு அது வெளிப்படையான எச்சரிக்கை. நாளைக்கே உள்ளே இன்சுலேஷன் போனால் அதே தகரத்தில் முழு 230 வந்து நிற்கும். அப்போது ஆர்சிசிபியும் இல்லையென்றால், ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கும் அந்த அம்மாவின் உயிருக்கு யார் பொறுப்பு?

சரி, எப்படிச் செய்வது? எஸ்எம்பிஎஸ் வீட்டுக்குள், சுவரில், காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். 12 வோல்ட் மட்டும் வெளியே வரட்டும். வெளியேதான் வைத்தாக வேண்டுமென்றால் பிசின் ஊற்றி மூடிய ஐபி67 டிரைவர் வாங்குங்கள், அதுவும் 12 வோல்ட் தரும் பெட்டிதான். அதையும் குழியில் போடாமல், தண்ணீர் தேங்காத உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். ஐபி என்பது தூசியும் தண்ணீரும் புகாமைக்கான தர எண். ஐபி67 என்றால் தற்செயலாகச் சிறிது நேரம் மூழ்கினால் தாங்கும், அவ்வளவுதான். டிரைவரின் 230 வோல்ட் ஜாயின்ட்டை, ஒயர் நுழையும் துளையை இறுக்கி மூடும் கிளாண்டு போட்ட ஐபி65 பெட்டிக்குள் வைத்து, ஒயரைக் கீழ்ப்பக்கமாக நுழையுங்கள். டிரைவரில் எர்த் ஒயர் இருந்தால் கட்டாயம் சேருங்கள். அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

மெல்லிய ஒயர்

கடைசி விளக்கு மங்கலாக எரிகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 60 வாட் விளக்குகள் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அவை 30 மீட்டர் தள்ளி இருந்தால் போக, வர 60 மீட்டர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரிலேயே சுமார் 2.4 வோல்ட் வழியில் கரைந்துவிடும். 1 சதுர மில்லிமீட்டரில் ஏறக்குறைய பாதி போய்விடும். இதற்கு எஸ்எம்பிஎஸ்ஸின் சின்ன ‘அட்ஜஸ்ட்’ திருகைத் திருகி வோல்ட்டை ஏற்றுகிறார்கள். தூரத்து விளக்கு கொஞ்சம் பிரகாசமாகும், பக்கத்து விளக்கு சீக்கிரம் கருகும். தூரம் அதிகமென்றால் 24 வோல்ட் விளக்குக்கே போய்விடுங்கள். அதே 60 வாட்டுக்கு 2.5 ஆம்பியர் போதும், அதே ஒயரில் 1.2 வோல்ட்தான் போகும்.

12 வோல்ட் பக்கம் ஃபியூஸ் இல்லாமை

30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மெல்லிய ஒயர் போய், வழியில் மண்வெட்டி பட்டு ஷார்ட் ஆனால், வீட்டு எம்சிபிக்கு, அதாவது ஷார்ட் ஆனால் விழும் சுவிட்சுக்கு, அது தெரியவே தெரியாது. அது காப்பது 230 பக்கத்தை. இங்கே ஒயர் சூடேறி உருகும். 12 வோல்ட் ஷாக் அடிக்காவிட்டாலும் தீப்பிடிக்க வைக்கும். ஒவ்வொரு கிளைக்கும் தனியாக, அந்த ஒயர் தாங்கும் அளவில் ஃபியூஸ் போடுங்கள். காரில் போடும் பிளேடு ஃபியூஸ் போதும்.

மண்ணுக்குள் டேப் ஜாயின்ட்

வேண்டவே வேண்டாம். டிசியில் ஈரம் பட்டால் பிளஸ் பக்கச் செம்பை அரித்தே தின்றுவிடும். ஜெல் நிரப்பிய கனெக்டர், அல்லது உள்ளே பசை தடவிய, சூடுபட்டால் சுருங்கி மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாய்.

முழு லோடு

100 வாட் டிரைவரில் 80 வாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

பழைய ஹாலஜன் டிரான்ஸ்ஃபார்மரில் எல்இடி

எலக்ட்ரானிக் வகை என்றால் மாற்றிவிடுங்கள். அதற்கு வேண்டிய குறைந்தபட்ச லோடு எல்இடியில் இல்லாமல் விளக்கு மினுக்கும்.

குளம், நீரூற்று

தண்ணீருக்குள் ஐபி68 விளக்கு மட்டும். டிரைவர் தண்ணீர் தெறிக்காத தூரத்தில். 230-ஐ முழுமையாகப் பிரித்துக் கொடுக்கும் ஐசோலேட்டட் வகைதானா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். சுத்தம் செய்ய இறங்குமுன் மெயினை அணைத்துவிட்டு இறங்குங்கள்.