டிராகனை நம்பினார்கள், ஈர விறகை நம்பவில்லை

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை எங்கும் போக முடியாது. நாங்கள் ஐந்து பேர் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பகடை உருட்டுவோம். ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு: ஆளுக்கொரு கேரக்டராக மாறி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லி, பலித்ததா என்று பகடையில் பார்க்கும் கதை ஆட்டம். கதையை நடத்தும் டிஎம் நான்.

ஒரு மதியம், வழிப்பறிக் கூட்டம் ஒன்று சோலைக்குள் தீ மூட்டிக் குளிர்காய்வதாகச் சொன்னேன். கதையிலும் மூன்று நாளாக அடைமழை. பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிற தம்பி பகடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "இந்த மழையில சோலைக்குள்ள ஈரச் சுள்ளி எப்படிங்ண்ணா பத்துச்சு?"

"ஃபேண்டஸிதானேடா, விடு" என்றேன்.

விட்டுவிட்டான். ஆனால் அதற்குப் பிறகு அன்று யாரும் எதையும் கேட்கவில்லை. காவலுக்கு ஆள் நிற்கிறதா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புகை எங்கே போகிறது, ஒன்றும் இல்லை. கத்தியை உருவினார்கள், அடித்தார்கள், ஜெயித்தார்கள், டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

புதிதாகக் கதை நடத்துகிறவர்கள் செய்யும் முதல் தவறு அந்தப் பதில். முந்தின வாரம்தான் அதே தம்பி டிராகனை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டான். இந்த உலகத்தில் டிராகன் உண்டு என்று சொல்லியிருந்தேன், ஏற்றுக்கொண்டான். விறகைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதெல்லாம் நம் ஊர் மாதிரியே இருக்கும் என்று நம்பித்தான் எல்லோரும் மேசையில் உட்காருகிறார்கள். நனைந்த கட்டை எரியாது, ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும், பசித்தவன் கோபப்படுவான். இதையெல்லாம் வைத்துத்தான் ஆடுகிறவர் அடுத்து என்ன செய்யலாம் என்று கணக்குப் போடுகிறார். 'இங்கே எது வேண்டுமானாலும் நடக்கும்' என்று சொல்லிவிட்டால் அந்தக் கணக்குக்கே வேலை இல்லாமல் போகிறது.

அடுத்த வாரம் அவன் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். கூடாரத்துக்குப் பின்னால் ஒரு பாறை இடுக்கு. அதற்குள் காய்ந்த விறகு, முழ நீளத்துக்கு ஒரே அளவாக வெட்டி, நார்க்கயிறு போட்டுக் கட்டியது. அவர்களே பிரித்து மேய்ந்தார்கள். மழைக்கு முன்னாலேயே கூட்டம் இங்கே வந்திருக்கிறது. ஓடி ஒளிகிறவன் இப்படி அளந்து வெட்ட மாட்டான். அப்படியானால் ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்தக் கயிற்று முடிச்சை வைத்தே நான்கு வாரம் ஆடினோம். 'எப்படி' என்று ஒருவர் கேட்டால் அதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடனே பதில் வரவில்லையென்றால், "நல்ல கேள்வி, உன் கேரக்டர் அதைக் கவனிக்கிறான், போய்ப் பார்க்கிறானா?" என்று கேளுங்கள். யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: யதார்த்தம் வேண்டும் என்று அட்டவணை மேல் அட்டவணையாகச் சேர்ப்பது. மூட்டை எடை, குடிநீர், செருப்புத் தேய்மானம், காயம் சீழ் பிடிப்பது என்று எல்லாவற்றுக்கும் விதி எழுதினால் ஆட்டம் ரேஷன் கடைக் கணக்காகிவிடும். யதார்த்தம் வேறு, நம்பகம் வேறு. ஒரு பயணத்தில் எது வலிக்க வேண்டுமோ அதை மட்டும் எண்ணுங்கள். பாலைவனமென்றால் தண்ணீர், மலையென்றால் குளிரும் வெளிச்சமும். மற்றது ஒரு வரியில் கடந்து போகட்டும்.

தூரத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். விதிப்புத்தகம் சாதாரண நடைக்கு நாளொன்றுக்கு 24 மைல் தருகிறது, ஏறக்குறைய 38 கிலோமீட்டர். கரடுமுரடான நிலத்தில் பாதி என்றும் அதே புத்தகம் சொல்கிறது. அதை மறந்துவிட்டு வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர். ஏறும்போது ஐந்து மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆகிறது, இறங்கும்போது மூன்றரை. கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், பல்சக்கரம் பிடித்துத்தான் வண்டி ஏறும். இயந்திரத்துக்கே இந்த நிலைமை. கவசம் போட்டவன் ஏறும் வழிக்கும் இறங்கும் வழிக்கும் ஒரே நேரம் கொடுத்தால் மலைக்காரன் யாரும் நம்ப மாட்டான். மலையில் தூரத்தை மைலில் சொல்லாதீர்கள். "விடியலில் கிளம்பினால் இருட்டுக்குள் மேல்ஊர் சேரலாம், மூடுபனி இறங்கினால் சேர முடியாது" என்று சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் மனசில் உறுத்துவது அக்கம்பக்கம் இல்லாத மிருகம். குகையில் ஒரு கொடிய விலங்கு, கீழே ஒரு கிராமம், இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. எங்கள் பக்கம் காட்டுமாடு தேயிலைத் தோட்டத்துக்குள் நிற்கும், கரடி ராத்திரியில் கடைக் கதவை உடைக்கும். அதனால் ஊரின் பழக்கமே மாறிக் கிடக்கிறது. சாயங்காலம் எந்தச் சந்து வழியாக வரக்கூடாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். இலை பறிக்கிற அக்காமார் நிரைக்குள் இறங்குவதற்கு முன் ஒரு சத்தம் கொடுப்பார்கள். எண்ணெய் விளக்கு எரிகிற கோயிலுக்குக் கரடி வரும் என்பதால் கதவு கெட்டியாக இருக்கும். உங்கள் டிராகன் இருநூறு வருடமாக மலைமேல் இருக்கிறதென்றால், கீழே ஆடுகளை எங்கே கட்டுகிறார்கள்? கூரை ஓலையா, கல்லா? சந்தை எந்த நேரத்தில் கூடுகிறது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் போதும், டிராகனைக் காட்டுவதற்கு முன்பே மேசையில் பயம் வந்து உட்கார்ந்துவிடும்.

மந்திரமும் அப்படித்தான். குட்பெர்ரி என்று ஒரு முதல் நிலை மந்திரம், பத்துப் பழம் தரும். ஒரு பழம் ஓர் ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. இது தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அதே ஊரில் ஒரு குடும்பம் பட்டினியில் சாகிறது என்றும் சொன்னால், அவர் ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்வி எழுந்தே தீரும். மந்திரத்தை வெட்டிவிட வேண்டாம், கேள்விக்கு இடம் கொடுங்கள். பழம் யாருக்கு முதலில்? பத்துக்கு மேல் பதினோராவது ஆள் வந்தால்?

ஊரின் பிழைப்பும் ஒன்றோடொன்று பின்னியிருக்க வேண்டும். நீலகிரியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கோத்தர் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்து கொடுத்தார்கள், இசையும் அவர்களுடையது. படுகரிடமிருந்து தானியம், தோடரிடமிருந்து எருமை நெய், குறும்பரிடமிருந்து தேனும் காட்டுப் பொருளும். ஒருவர் கை நின்றால் மற்றவருக்குத் தட்டுப்பாடு. உங்கள் கதையில் கொல்லன் காணாமல் போனால் அறுவடைக்கு அரிவாள் இருக்காது என்பதிலிருந்து சாகசம் தொடங்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதை அழுத்தியே சொல்கிறேன். மலைக்கதை என்றதும் பழங்குடி மக்களைச் சூனியக்காரர்களாக வைக்கும் பழக்கம் இருக்கிறது. சூனியம் வைத்தார்கள் என்ற பழியின் பேரில் 19ஆம் நூற்றாண்டில் இதே மலையில் குறும்பர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மோடு பஸ்ஸில் வருகிறார்கள். அந்தப் பழியைப் பொழுதுபோக்குக்காக மறுபடி உயிர்ப்பிக்க வேண்டாம்.

கடைசியாக ஓரவஞ்சனை. மந்திரவாதி நெருப்புக் கோளம் வீசினால் யாரும் வாய் திறப்பதில்லை. வாள்வீரன் பத்தடிப் பள்ளம் தாண்டினால் மட்டும் "இது நடக்குமா?" என்று இயற்பியல் பேசுகிறோம். விழுந்த அடிக்கும் இதே வழக்கு. விதிப்படி விழும் ஒவ்வொரு பத்தடிக்கும் ஓர் ஆறுமுகப் பகடை, அதிகபட்சம் 20 பகடை; அந்த அதிகபட்ச அடியே சராசரி 70தான். அது கேரக்டரின் ஹிட் பாயிண்டில், அதாவது எவ்வளவு அடி தாங்குவான் என்ற எண்ணில், கழியும். உயர்நிலை வீரன் கோடநாடு காட்சி முனையிலிருந்து மாயாற்றுப் பள்ளத்தில் விழுந்தாலும் பிழைத்துவிடுவான். ஹிட் பாயிண்ட் என்பது வெறும் சதைக் கணக்கு இல்லை, திறமையும் அதிர்ஷ்டமும் அதில் சேர்த்தி என்று இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979லேயே விளக்கியிருக்கிறார். ஆகவே எண்ணை மாற்ற வேண்டியதில்லை, சொல்கிற விதத்தை மாற்றினால் போதும். எங்கள் வீரன் அப்படி விழுந்தபோது பிக்கப் ஓட்டுகிற தம்பியிடமே கேட்டேன், "நீயே சொல், எப்படிப் பிழைத்தான்?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "பாறையில வேர் புடிச்ச காட்டுநாவல் மரம் ஒண்ணுங்ண்ணா. கிளை கிளையா ஒடைஞ்சு இறங்கினான். இடது கை அவ்வளவுதான், ஒரு வாரத்துக்குக் கேடயம் தூக்க முடியாது." அந்த ஒரு வாரத்தை அவனே கேரக்டர் ஷீட்டில் எழுதிக்கொண்டான்.