குரூப் 4 தயாரிப்பில் நேரத்தைத் தின்னும் தவறுகள்

மாவட்ட மைய நூலகத்தின் போட்டித் தேர்வுப் பிரிவில் இரண்டு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து படித்திருக்கிறேன். காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும் முன்பே பத்துப் பதினைந்து பேர் வாசலில் நிற்போம். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கத்தான் அந்த அவசரம். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய், "இன்னைக்குப் பத்து மணி நேரம் படிச்சேன்மா" என்று அம்மாவிடம் சொல்வேன். தெரிந்தே சொன்ன பொய் இல்லை அது. நானும் அதை நம்பினேன்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வை 2022-ல் எழுதினேன், கைகூடவில்லை. முடிவு வந்த பிறகு பக்கத்து மேஜையில் படிக்கும் ஒரு அக்கா, "ஒரு வாரம் மட்டும் நேரத்தை எழுதிப் பாரு தம்பி, அப்புறம் பேசலாம்" என்றார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, புத்தகத்தைத் திறந்த நேரம், மூடிய நேரம், நடுவில் செய்தது எல்லாவற்றையும் எழுதினேன். செவ்வாய்க்கிழமைப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 8.10-க்கு உட்கார்ந்தேன். 8.35 வரை நடப்பு நிகழ்வுகள் பிடிஎஃப் தேடல். 9.20 வரை குடிமையியல், அடிப்படை உரிமைகள். 9.50 வரை டெலிகிராம். 10.50-க்கு டீ, திரும்பி வந்து உட்கார்ந்தது 11.35. இப்படியே போகிறது. கடைசியில் கூட்டிப் பார்த்தால், பத்து மணி நேரத்தில் பாடத்தில் கண் இருந்தது 3 மணி 40 நிமிடம்.

அன்று நான் தூங்கவில்லை, சினிமா பார்க்கவில்லை, ஊர் சுற்றவில்லை. செய்தது எல்லாமே படிப்பைச் சுற்றியே இருந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களைச் சோம்பேறி என்று வீட்டில் திட்டும்போது எனக்கு மனசு வலிக்கும். நான் பார்த்தவரை சோம்பேறிகள் மிகக் குறைவு. படிக்கிறவர்களின் நாளைத் தின்பது படிப்பு மாதிரியே இருக்கும் வேறு வேலைகள். படிப்பு மாதிரி இருப்பதால்தான் அவற்றை விடுவதும் கஷ்டம்.

பிடிஎஃப் சேர்ப்பது

முதலில் இதைச் சொல்ல வேண்டும். பெரிய தவறு இதுதான். என் போனில் ஒரு கட்டத்தில் பதினேழு டெலிகிராம் குழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தினமும் ஏதாவது வந்து விழும்: "முக்கிய 500 வினாக்கள்", "ஒரே பக்கத்தில் இந்திய வரலாறு", "இதை மட்டும் படித்தால் போதும்". இறக்கி வைத்தவுடன் மனசுக்குள் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அதுதான் ஆபத்து. பாதி படித்துவிட்ட மாதிரி இருக்கும். அதில் பலவற்றை நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையான பள்ளிப் பாடப்புத்தகங்கள்தான் இந்தத் தேர்வுக்கு அடிப்படை. தமிழ், சமூக அறிவியல், அறிவியல், கணக்கு எல்லாமே தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதினொன்று, பன்னிரண்டில் தேவையான பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பாடத்திட்டத்தைத் தேர்வாணையத்தின் தளத்திலிருந்தே எடுத்து அச்சிட்டு மேஜையில் வையுங்கள். அவ்வப்போது திருத்துகிறார்கள், ஆகவே அண்ணன் காலத்துப் பிரதி வேண்டாம். கையில் வரும் எந்தத் தாளையும் அந்தப் பாடத்திட்டத்தின் எந்த வரிக்கு இது உதவும் என்று பாருங்கள். வரி கிடைக்கவில்லை என்றால் தாளைக் கீழே வைத்துவிடலாம்.

நான் பதினேழில் பதினாறு குழுக்களை விட்டு வெளியே வந்தேன். முதல் மூன்று நாள் ஏதோ தவறவிட்டது போலப் பதற்றமாக இருந்தது. நான்காம் நாள் அந்தப் பதற்றம் போய்விட்டது. மீதி ஒன்றை இரவு எட்டரைக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பேன்.

வீடியோ பார்த்தால் கணக்கு வராது

யூடியூபில் அருமையாகப் பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கிராமத்தில் பயிற்சி மையத்துக்குக் கட்டணம் கட்ட முடியாத எத்தனையோ பேர் அதனால்தான் தேறியிருக்கிறார்கள், அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் பேனா எடுக்காமல் பார்ப்பது தவறு. கணக்குப் பகுதியில் இது அப்பட்டமாகத் தெரியும்.

ராமு ஒரு வேலையை 10 நாளில் முடிப்பார், சோமு 15 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? ஆசிரியர் பலகையில் 1/10-யும் 1/15-யும் கூட்டி 1/6 என்று எழுதி, 6 நாள் என்கிறார். தலையாட்டுகிறோம். சரி, அதே கணக்கில் சோமு மூன்றாம் நாள் முடிவில் விலகிவிட்டால், மீதியை ராமு மட்டும் எத்தனை நாளில் முடிப்பார்? மூன்று நாளில் பாதி வேலை முடிந்துவிட்டது, மீதிப் பாதிக்கு ராமுவுக்கு 5 நாள். இவ்வளவுதான். ஆனால் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு இதை முதல்முறை தாளில் போட்டபோது எனக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. அதன்பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஆசிரியர் கணக்கை வாசித்து முடித்ததும் வீடியோவை நிறுத்திவிடுவேன். நானே போட்டுப் பார்த்த பிறகுதான் மறுபடி ஓடவிடுவேன். இருபது நிமிட வீடியோவுக்கு ஐம்பது நிமிடம் ஆகும். ஆகட்டும், அந்த ஐம்பது நிமிடமும் உங்கள் கணக்கில் சேரும்.

திரும்பத் திரும்ப வாசிப்பது

பாடத்தை நாலு தடவை வாசித்து, மஞ்சள் கலரில் கோடு போட்டு, "இது எனக்குத் தெரியும்" என்று அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். வேலூர்ப் புரட்சியை நான் அப்படித்தான் படித்தேன். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுதினேன். 1806, புதிய தலைப்பாகை, கோட்டைக்குள் திப்பு சுல்தானின் பிள்ளைகள். அதோடு நின்றுவிட்டது. ஜூலை 10 என்ற தேதி வரவில்லை. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கா, படைத்தளபதி ஜான் கிரடாக்கா என்று இரண்டு பெயரும் குழம்பின. ஆற்காட்டிலிருந்து படையோடு வந்து அடக்கிய கில்லஸ்பி நினைவிலேயே இல்லை. வினாத்தாளில் கேட்பதோ இந்தப் பெயர்களையும் தேதியையும்தான்.

2006-ல் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். நமக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் இல்லை, ஐந்து மாதம் கழித்து. அதனால் ஒரு மணி நேரம் கையில் இருந்தால் நாற்பது நிமிடம் வாசியுங்கள், இருபது நிமிடம் மூடிவைத்து எழுதுங்கள். எழுதும்போது வராமல் போகும் பெயர்தான் நாளைக் காலையில் முதலில் பார்க்க வேண்டியது.

பிடித்ததையே படிப்பது

வரலாறு பிடித்தவர்கள் சிந்துவெளியை ஏழாவது தடவை படித்துக்கொண்டிருப்பார்கள். நேரம் நன்றாகப் போகும், மார்க் ஏறாது. குரூப் 4 தாளில் 200 கேள்வி, 300 மதிப்பெண். இதில் தமிழ்த் தகுதிப் பகுதி மட்டும் 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவு 75 கேள்வி, கணக்கும் திறனறிவும் 25 கேள்வி. வாரத்தில் எந்தப் பகுதிக்கு எத்தனை மணி நேரம் போனது என்று நோட்டில் கூட்டிப் பார்த்து, இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "நமக்குத்தான் தமிழ் தெரியுமே" என்று இலக்கணத்தைத் தள்ளிப்போட்ட நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது, மூன்று மணி நேரம்தான் கெடு. கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 54 விநாடி, வட்டத்தைக் கருப்பாக்கும் நேரமும் அதற்குள்தான். மாதிரித் தேர்வை போனில் தொட்டுத் தொட்டு எழுதுகிறவர்களுக்கு இந்த விநாடிக் கணக்கு பிடிபடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஓஎம்ஆர் தாளை (விடைக்கான வட்டங்கள் உள்ள தாள்) அச்சிட்டு, கருப்பு பால்பாயிண்ட் பேனாவோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

கால அட்டவணைக்குக் கலர் அடிப்பது

ஸ்கேல், ஸ்கெட்ச் பேனா, சார்ட் பேப்பர். ஒரு முழு முற்பகல் போய்விடும். காலை 4.30 முதல் இரவு 10.30 வரை கட்டம் கட்டமாகப் போட்டிருப்போம். இரண்டாம் நாளே ஒரு கட்டம் தவறும், மூன்றாம் நாள் மனசு உடையும், அடுத்த திங்கட்கிழமை புது சார்ட். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்துப் போட்டுவிடுவது மனித இயல்பு. டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் சார்ட்டை விட்டுவிட்டு, முதல் நாள் இரவே ஒரு துண்டுத் தாளில் மூன்று வேலை மட்டும் எழுதினேன்: ஒரு பாடம், ஒரு இலக்கணப் பகுதி, பத்துக் கணக்கு. மூன்றும் முடிந்தால்தான் நான்காவது.

போனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், நீட்டவில்லை. மேஜையில் கவிழ்த்து வைத்தால் போதாது, பைக்குள் போட்டு அந்தப் பையை அலமாரியில் வையுங்கள். எழுந்து நடந்து போக வேண்டும் என்றாலே பாதி தடவை கை போகாது. ராத்திரி இரண்டு மணி வரை விழித்துப் படிப்பதும் வேண்டாம். படித்தது மூளையில் உறுதியாகப் பதியத் தூக்கமும் வேண்டும். விழித்த மூன்று மணி நேரத்தை மறுநாள் கொட்டாவியில் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்போம்.

"முழுசாக நேரம் கிடைக்கட்டும்"

வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவர்களும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு படிக்கும் பெண்களும் செய்யும் தவறு இது. இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்தால்தான் புத்தகத்தைத் தொடுவது என்று இருப்பார்கள். அந்த இரண்டு மணி நேரம் வரவே வராது.

நோட்டு எழுதச் சொன்ன அந்த அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். நூலகத்தில் அவர் இருப்பது பத்து மணியிலிருந்து இரண்டரை வரை, பள்ளி விடுவதற்குள் போயாக வேண்டும். அவர் வீட்டில் தினசரி காலண்டரில் தேதி கிழித்த தாளைத் தூக்கிப் போடுவதில்லை. அதன் பின்பக்கத்தில் அன்று படித்ததிலிருந்து ஐந்து கேள்வி எழுதுவார், விடை எழுத மாட்டார். மறுநாள் அந்தத் தாள் அடுப்பங்கரை ஷெல்ஃபில், சர்க்கரை டப்பாவுக்கு அடியில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். குக்கர் விசில் வருவதற்குள் இரண்டு கேள்வி, தோசை ஒரு பக்கம் வேகும்போது ஒன்று. விடை வராத கேள்வியைப் பேனாவால் சுழித்து நூலகத்துக்கு எடுத்து வருவார். அவருடைய நாலரை மணி நேரத்தில் முதல் பத்து நிமிடம் அந்தச் சுழித்த கேள்விகளுக்கு. என் பத்து மணி நேரத்தைவிட அந்த நாலரை மணி நேரம் கனமானது.

தேர்வு முடிந்த பிறகு

இங்கேதான் மாதக்கணக்கில் கரைகிறது. 2022 குரூப் 4 நடந்தது ஜூலை 24-ல். முடிவு வந்தது 2023 மார்ச் 24-ல். சரியாக எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் நான் செய்தது கட்-ஆஃப் (தேர்வாகத் தேவைப்படும் குறைந்தபட்ச மதிப்பெண்) வீடியோ பார்த்ததும், டீக்கடையில் "எத்தனை கேள்வி சரி?" என்று கேட்டதும்தான். உங்கள் மதிப்பெண் இனி ஒன்றுகூட மாறாது. விடைக்குறிப்பு வந்ததும் ஒருமுறை சரிபார்த்து, தப்பானவற்றைப் பாடவாரியாகக் குறித்துக்கொண்டு, அடுத்ததற்குப் போய்விட வேண்டும்.

2024-ல் குரூப் 4 ஜூன் 9-ல் நடந்தது. பட்டம் முடித்தவர்களுக்கான குரூப் 2 முதல்நிலைத் தேர்வு செப்டம்பர் 14-ல். நடுவில் 97 நாள். பொது அறிவிலும் கணக்கிலும் இரண்டு பாடத்திட்டங்களும் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டியே போகும். ஜூன் 10, திங்கட்கிழமை, நூலகத்தில் பாதி மேஜைகள் காலியாக இருந்தன. பத்து மணிக்கு அந்த அக்கா வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார், பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தார். முன்பக்கம் ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 9. பின்பக்கம் ஐந்து கேள்விகள், அதில் இரண்டு சுழித்திருந்தன.