வீடு பார்க்கப் போனால் ராத்திரி தங்குங்கள்

மண்டபம், உச்சிப்புளி பக்கம் ரயில் பாதையோர முதியோர் குடியிருப்பில் வீடு பார்க்கிறீர்களா? பகல் பதினொரு மணி அமைதியை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ராமேஸ்வரம் ரயில்கள் பலவும் ராத்திரியும் விடியற்காலையும்தான் ஓடும். ஒருநாள் அங்கேயே தங்கி, ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்துப் பாருங்கள்.

சக்கரச் சத்தம் நாளடைவில் பழகிவிடும். தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்புவது ஹாரன்தான். (காதுக் கருவியைக் கழற்றிவிட்டுத் தூங்கும் என் மாமனாருக்கு எந்த வீடும் சரி!) தண்டவாள ஓரம் மஞ்சள் பலகையில் 'டபிள்யூ எல்' என்றிருந்தால், அப்பால் லெவல் கிராசிங் இருக்கிறது, ஓட்டுநர் அங்கிருந்தே ஊதத் தொடங்குவார். அந்தப் பலகைக்கும் கேட்டுக்கும் நடுவே படுக்கையறை வேண்டாம்.

அப்புறம், காற்று. ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது தண்டவாளத்துக்கு வடக்கே சத்தம் தூக்கலாகக் கேட்கும். மார்கழி வாடையில் தெற்கே.