கோத்தகிரிப் பாதைகளில் நாயோடு நடக்க

முதலில் எங்கே போகக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். முதுமலைப் புலிகள் காப்பகத்திலும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவிலும் நாய்க்கு இடமில்லை. காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதியின்றி மனிதர்களே நுழையக் கூடாது. கோத்தகிரியை ஒட்டியிருக்கும் லாங்வுட் சோலையும் காப்புக்காடுதான். “ஓரமாகப் போய்விட்டு வந்துவிடுகிறோமே” என்று கேட்பவர்கள் உண்டு. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் பலவற்றின் உடலில் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது தெரியவந்தது. நாய்களிடம் பரவலாக இருக்கும் நோய் அது. நம் நாய் மூக்கை வைத்த இடத்தில் நாளை ஒரு செந்நாய் மூக்கை வைக்கும். எனவே டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல், வெறிநோய்த் தடுப்பூசிகளை நாள் தவறாமல் போட்டிருந்தால் மட்டுமே நாயை மலைக்கு அழைத்து வாருங்கள்.

மிச்சமிருப்பவை எஸ்டேட் சாலைகளும் ஊர்ப்பாதைகளும். அவையே தாராளம். எஸ்டேட் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடங்கள். அப்போதே இரண்டு விஷயங்களையும் விசாரித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பகுதியில் மருந்து அடித்திருக்கிறார்கள், காட்டெருமை எந்தப் பக்கம் நிற்கிறது. கைபேசி வரைபடத்தில் கிடைக்காத இந்தத் தகவல் வாட்சரிடம் கிடைக்கும். இலை பறிக்கும் பெண்கள் இருக்கும் இடத்தில் நாயைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு கடந்து போங்கள். “ஒன்றும் செய்யாது” என்று தூரத்திலிருந்து கத்தாதீர்கள். முதுகில் பாரத்தோடு சரிவில் நிற்பவருக்கு அது எந்த ஆறுதலும் தராது.

இனி கயிறு. ஆறடி நீளம், தடித்த பருத்தி அல்லது நைலான், கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை. பொத்தானை அழுத்தினால் நீளும் கயிறு பூங்காவுக்கு ஆகும், இங்கே ஆகாது. என் நாய் ராகி பதினெட்டுக் கிலோ எடையுள்ள நாட்டு நாய். கூப்பிட்ட குரலுக்கு வருவாள். ஆனாலும் கயிறு இல்லாமல் அவள் ஒரு வளைவைக்கூடத் தாண்டியதில்லை. காரணம் கீழ்ப்படிதல் அல்ல. அவிழ்த்துவிட்ட நாய் புதருக்குள் ஓடும், எதையாவது கிளப்பும், பயந்துபோய் நேராக எஜமானிடமே திரும்பி ஓடிவரும். பின்னால் துரத்தி வருவது கரடியாக இருந்தால் அதுவும் உங்களிடம்தான் வந்து சேரும். கூப்பிட்டதும் வருகிற நல்ல நாயிடம்தான் இந்த ஆபத்து அதிகம்.

காட்டெருமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே பகலிலும் எதிர்ப்படுகிற பெரிய விலங்கு அதுதான். வளர்ந்த கிடா ஆயிரம் கிலோகூட இருக்கும். மனிதர்களைப் பார்த்துப் பழகி, தேயிலைக்கு நடுவே அசையாமல் மேய்வதால் சாது என்று நினைக்கத் தோன்றும். நாயைக் கண்டதும் அதன் குணம் மாறும். அதன் கன்றைக் காட்டில் வேட்டையாடுவது செந்நாய்க் கூட்டம். நம் வீட்டு நாயையும் அது அந்தக் கணக்கில்தான் சேர்க்கும். தலையைத் தூக்கி மூக்கால் சீறினாலோ, பக்கவாட்டில் திரும்பி உடம்பைப் பெரிதாகக் காட்டினாலோ எச்சரிக்கிறது என்று பொருள். படம் எடுக்கும் வேலையை விட்டுவிட்டு, நாயை உங்கள் மறுபக்கத்துக்கு மாற்றி, வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். வேறு வழியிருந்தால் சுற்றிப் போங்கள். இல்லையென்றால் அது நகரும்வரை காத்திருங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் போய்விடாதீர்கள்.

கயிற்றை ஒருபோதும் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது. காட்டெருமை நிஜமாகவே பாய்ந்தால் கயிற்றை விட்டுவிட்டு, பெரிய மரத்துக்கோ கல்சுவருக்கோ பின்னால் போய்விட வேண்டும். நாய் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அதன் ஓட்டம் உங்களுக்கு வராது.

இத்தனைக்கும் எச்சரிக்கை மணி உங்கள் கையிலேயே இருக்கிறது. குரைப்பதற்கு வெகு முன்பே ராகி சொல்லிவிடுவாள். நடை நிற்கும். ஒரு முன்னங்கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் இருக்கும். காதுகள் முன்னே திரும்பும், பிடரியிலிருந்து வால்வரை முடி ஒரு கோடாக எழும். அந்த நேரத்தில் கயிற்றை இழுத்து “வா வா” என்று முன்னால் நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நின்று அவள் பார்க்கும் திசையைப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் திரும்பிவிடுங்கள்.

சிறுத்தைக்கு நாய் இரை. வீட்டுத் திண்ணையிலிருந்தே தூக்கிக்கொண்டு போகும். இதற்குத் தந்திரம் எதுவும் இல்லை, நேரம்தான் உண்டு: காலை எட்டு மணிக்குமேல் கிளம்புங்கள், மாலை நான்கு மணிக்குள் திரும்பிவிடுங்கள், மேகமூட்டம் இறங்கிப் பாதை தெரியாமல் போனால் உடனே திரும்புங்கள். இரண்டு பேர் போனால் நாய் நடுவில் இருக்கட்டும். எதிரே சிறுத்தை நின்றால் குனியாதீர்கள், ஓடாதீர்கள். நாயை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, உரத்த குரலில் பேசியபடி, முகத்தைத் திருப்பாமல் பின்னால் நகருங்கள்.

கோயில் விளக்கெண்ணெயைக் குடிக்க ஊருக்குள் வருகிற கோத்தகிரிக் கரடிகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கேட்க வேடிக்கைதான். ஆனால் திடீரென்று மிக அருகில் சந்தித்தால் கரடியைப்போல் காயப்படுத்துவது வேறில்லை. கறையானைத் தோண்டும்போது அதற்குச் சுற்றுப்புறமே தெரியாது. உண்ணிச்செடிப் புதர் அடர்ந்த வளைவுகளில் பேசிக்கொண்டே நடங்கள். நாயின் கழுத்தில் சிறுமணி கட்டச் சொல்கிறார்கள். எனக்கு மனிதக் குரலில்தான் நம்பிக்கை.

பலர் மறப்பது மனிதன் வைத்த ஆபத்தை. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி வேலியோர இடுக்குகளில் இருக்கும். அதைவிடக் கொடியது அவுட்டுக்காய்: தீனிக்குள் மறைத்த நாட்டுவெடி. கடித்தால் தாடையே போய்விடும். கீழே கிடப்பதை எல்லாம் தின்னும் நாய்க்கு, மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம்விடும் வாய்க்கூடை போட்டு அழைத்து வாருங்கள். சுருக்கில் மாட்டினால் நாய் இழுக்க இழுக்க இறுகும்; உடம்பை அணைத்துப் பிடித்து, கம்பியைத் தளர்த்த வேண்டும். ஒரு சிறிய கம்பி வெட்டி என் பையில் எப்போதும் உண்டு.

அதோடு ஒரு லிட்டர் தண்ணீர் (பிளாஸ்டிக் பாட்டில் இந்த மாவட்டத்தில் கூடாது, எவர்சில்வர் கொண்டுவாருங்கள்), கட்டுத்துணி, ஒரு பொட்டலம் உப்பு, நாயைத் தூக்கிவர ஒரு கெட்டியான போர்வை. தோட்டத்து வாய்க்கால் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், மருந்து கலந்திருக்கலாம். நமக்கான பாரசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகள் நாய்க்கு விஷம். முள்ளம்பன்றி முள் தைத்தால் பாதியில் வெட்டாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், நடக்கவிடாமல், போர்வையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கிடைக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குத்தான். சோலைகளில் இருக்கும் குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யாது. ஆகவே பாம்பின் தோற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கப் போகாதீர்கள். கிளம்பும் முன்பே கால்நடை மருத்துவர் அன்று இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டுவிடுவது என் வழக்கம், முக்கியமாக ஞாயிற்றுக்கிழமைகளில்.

வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் நவம்பரில், இங்கே அட்டை அதிகம். காலில் ஒட்டியதற்கு உப்பு போதும். மூக்குக்குள் போயிருந்தால் நாய் விடாமல் தும்மும், ஒரு துளையில் மட்டும் ரத்தம் கசியும். அதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் விரலிடுக்கு, காதுமடலின் உட்புறம், அக்குள், வாலின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் வைத்தியம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் நாய் சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். மலைக்குப் போய் வந்ததை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சமவெளியில் இருப்பவர் தானாக அதைக் கேட்க மாட்டார்.