நன்னடத்தை மீறல் பிடியாணைக்குக் காலவரம்பு உண்டா? அமெரிக்காவில் சரிபார்க்கும் முறை

அமெரிக்காவில் நன்னடத்தைக் கண்காணிப்பின் (குற்றவாளியைச் சிறைக்குப் பதிலாக நிபந்தனைகளுடன் வெளியே இருக்க விடும் ‘புரொபேஷன்’ முறை) நிபந்தனைகளை மீறியதற்காகப் பிறப்பிக்கப்பட்ட பிடியாணை, சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்தால் தானாகக் காலாவதியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள்; பொதுவாக அது நிறைவேற்றப்படும் வரையோ நீதிமன்றம் திரும்பப் பெறும் வரையோ நடப்பிலேயே இருக்கும்.

முதலில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: கண்காணிப்புக் காலம் முடிந்த நாள், பிடியாணை பிறப்பிக்கப்பட்ட நாள். கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பிலுள்ள 3565ஆம் பிரிவின்படி, காலம் முடியும் முன்பே பிடியாணையோ அழைப்பாணையோ பிறந்திருந்தால், அக்காலம் முடிந்த பின்னரும் விசாரணைக்கு நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு நீதிமன்றத்தின் அதிகாரம் நீடிக்கும். பிறகே பிறந்திருந்தால், அந்த அதிகாரத்தையே எதிர்த்து வாதிட இடமுண்டு. மாநில வழக்குகளில் அந்தந்த மாநிலச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்; சில மாநிலங்களில் மீறல் நடவடிக்கை தொடங்கியதுமே கண்காணிப்புக் காலத்தின் கணக்கு நிறுத்திவைக்கப்படும்.

விவரத்தை நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் வழக்கு எண்ணைக் கொண்டு அறியலாம். நேரில் சென்றால் அங்கேயே கைது செய்யப்படக்கூடும் என்பதால், வழக்கறிஞர் வழியாக விசாரிப்பதே என் பார்வையில் விவேகமானது. முகவரி தெரிந்தும் அதிகாரிகள் தேடவில்லை என்றால், அதற்கான சான்றுகளை அவரிடம் கொடுங்கள்; நியாயமற்ற தாமதம் என்ற வாதத்துக்கு அவை உதவலாம். கைதானாலும் விசாரணையின்றி நன்னடத்தை ஆணையை ரத்துசெய்ய முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1973இல் உறுதிசெய்துள்ளது.